காணிக்கைப் பையில் விழாதவையும் காணிக்கைதான்: கொடுத்தலைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கள் சபையில் ஒரு அண்ணன் இருந்தார். மின்வேலை செய்கிறவர். ஞாயிறு ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். மைக் வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். எங்காவது மேலுறை கிழிந்திருந்தால் டேப் சுற்றுவார். மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டைத் திறந்து, மூக்கை அருகே கொண்டுபோய், கருகிய வாடை ஏதும் வருகிறதா என்று பார்ப்பார். பத்து வருடத்துக்கு மேல் இதைச் செய்தார். ஒருநாள் காணிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சபைக்குன்னு நான் பெரிசா என்ன தம்பி கொடுத்துட்டேன்?” என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவருக்கு அந்த வருத்தம் தேவையே இல்லை. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. கொடுத்தல் என்று சபைகளில் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். அதிலும் கட்டாயம், ஆசீர்வாதம், சாபம், பத்து சதவீதம் என்று எல்லாவற்றையும் கலந்துகட்டிப் பேசுகிறோம். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு எது வேதத்தில் இருக்கிறது, எது பழக்கத்தில் வந்தது, எது யாரோ மேடையில் சொன்னது என்று பிரித்துப் பார்க்க வழி தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில், எதெல்லாம் காணிக்கை இல்லை

காணிக்கையைக் கட்டணம்போல நினைக்கிறவர்கள் உண்டு. பேருந்தில் ஏறினால் டிக்கெட் எடுக்கிறோம், அதுபோல ஆராதனைக்கு வந்தால் ஏதாவது போட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கட்டணம் என்று ஆகிவிட்டால் இரண்டு விளைவுகள் வரும். கட்டியவர் சேவையைக் குறை சொல்லும் வாடிக்கையாளர் ஆகிவிடுவார். கட்ட முடியாதவர் உள்ளே உட்காரவே கூச்சப்படுவார்.

வரிபோல நினைக்கிறவர்களும் உண்டு. வரி கட்டாவிட்டால் அபராதம். அதனால்தான், “தேவனுக்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பாய்” என்கிற பேச்சு இன்னும் சபைகளில் புழங்குகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். படுக்கையில் கிடக்கும் ஒருவர் காதில் இது விழுந்தால் என்ன ஆகும்?

இவற்றைவிடப் பரவலாக இருப்பது முதலீடு என்ற எண்ணம்: இவ்வளவு போட்டால் இத்தனை மடங்காகத் திரும்பி வரும். இதற்கு ஆதாரமாக ஒரு வசனத்தையும் காட்டுவார்கள்: “சிறுக விதைக்கிறவன் சிறுக அறுப்பான், பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்” (2 கொரிந்தியர் 9:6). வசனம் உண்மைதான். ஆனால் அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படித்தால்தான் பவுல் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று புரியும். தேவன் உங்களுக்குத் தேவையானதைத் தருவார், எதற்காக? நீங்கள் எல்லாவித நற்கிரியைகளிலும் பெருகுவதற்காக. 11ஆம் வசனத்திலும் இதையே சொல்கிறார்: தாராளமாகக் கொடுக்கும்படி நீங்கள் செல்வர்களாக்கப்படுவீர்கள். அதாவது விளைச்சல் வருவது வீட்டைப் பெரிதாகக் கட்டுவதற்கு என்று அவர் சொல்லவில்லை, இன்னும் கொடுப்பதற்கு என்கிறார். விவசாயி அடுத்த பருவத்துக்கு விதைநெல் எடுத்துவைப்பதுபோல. முதலீட்டாளர் லாபத்தை எடுத்துக்கொண்டு வெளியே போவார். பவுலின் விதைக்கிறவர் வயலை விட்டுப் போவதே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், கட்டணம், வரி, முதலீடு மூன்றிலும் பணம் என்னுடையது, அதைக் கொடுத்து ஏதோ ஒன்றை வாங்குகிறேன் அல்லது ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கிறேன். கிறிஸ்தவக் கொடுத்தல் இந்த இடத்திலேயே வேறு வழியில் திரும்புகிறது.

## காசாளரும் உக்கிராணக்காரனும்

வங்கியில் காசாளராக உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்கக் கட்டுக்கட்டாகப் பணம் அவர் கையைத் தாண்டிப் போகிறது. எடுத்துக் கொடுக்கும்போது அவருக்கு வயிறு எரிவதில்லை. “நான் எவ்வளவு தர்மவான்!” என்று பெருமையும் வருவதில்லை. ஏனென்றால் பணம் அவருடையதல்ல. ஆனால் சாயந்தரம் கணக்கு ஒரு ரூபாய்கூட இடிக்கக் கூடாது.

வேதாகமம் விசுவாசியை ஏறக்குறைய இந்த இடத்தில்தான் உட்காரவைக்கிறது. அதற்கு அது பயன்படுத்தும் சொல் உக்கிராணக்காரன். உக்கிராணம் என்றால் தானியமும் பண்டங்களும் வைக்கிற அறை. அதன் சாவியைக் கையில் வைத்திருக்கும் பொறுப்பாளிதான் உக்கிராணக்காரன். சரக்கு எஜமானுடையது, பராமரிப்பு இவருடையது. இந்தப் பொறுப்புக்கு உக்கிராணத்துவம் என்று பெயர். இந்த ஒரு சொல் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது.

காசாளர் உதாரணம் ஓர் இடத்தில் போதாமல் போகிறது. யாருக்கு எவ்வளவு என்பதைக் காசாளர் முடிவுசெய்ய முடியாது, சீட்டில் எழுதியிருப்பதைத்தான் கொடுப்பார். உக்கிராணக்காரருக்கு எஜமான் முடிவெடுக்கும் உரிமையையும் தருகிறார். எகிப்தில் போத்திபாரின் வீட்டில் இருந்த யோசேப்பைப் பாருங்கள். போத்திபார் தனக்கு உண்டானதையெல்லாம் யோசேப்பின் கையில் விட்டுவிட்டு, தான் புசிக்கிற போஜனத்தைத் தவிர வேறு எதையும் விசாரிக்கவில்லை என்று ஆதியாகமம் 39 சொல்கிறது. அவ்வளவு நம்பிக்கை, அவ்வளவு சுதந்திரம். அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருப்பதுதான் யோசேப்பின் வேலை.

இதைத் தாவீது ராஜா ஒரே வரியில் ஜெபமாகச் சொல்லியிருக்கிறார். ஆலயம் கட்டுவதற்காக ஜனங்கள் மனதாரக் கொடுத்துக் குவித்த நாளில் அவர் சொன்னது: “எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்” (1 நாளாகமம் 29:14). பெருமைப்பட வேண்டிய நாளில் அவர் பெருமைக்கு இடமே வைக்கவில்லை.

சரி, உக்கிராண அறையில் இருப்பது பணம் மட்டும்தானா? உயிரோடு இருக்கும் நாட்கள், கையில் இருக்கும் தொழில், படித்த படிப்பு, பேசும் நாவு எல்லாமே அந்த அறையில்தான் இருக்கின்றன. நேரம், திறமை, பணம் என்று மூன்றாகப் பிரிப்பது நம் வசதிக்காகத்தான். அண்ணன் சுற்றிய டேப்பும் உறையில் போட்ட நோட்டும் ஒரே அறையிலிருந்து எடுத்தவை.

## பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது?

பணத்தைப் பற்றிய குழப்பத்தில் பாதி, தசமபாகம் என்ற சொல்லைச் சுற்றியே இருக்கிறது. தசம என்றால் பத்தாவது. விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருக்கென்று பிரித்துவைப்பதுதான் தசமபாகம். நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம், போரில் கிடைத்தவற்றில் பத்தில் ஒரு பங்கை மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தார். பிறகு மோசேயின் காலத்தில் அது சட்டமானது.

எதற்காக அந்தச் சட்டம்? இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டபோது, ஆலயப் பணி செய்த லேவியருக்கு மற்றவர்களைப்போல நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் பிழைப்புக்குத்தான் தசமபாகம் (எண்ணாகமம் 18). அவர்களும் தாங்கள் வாங்கியதில் பத்தில் ஒரு பங்கை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். ஊழியர் வாங்குகிறவர் மட்டும் அல்ல, கொடுக்கிறவரும்கூட என்பதை இன்று நாம் அதிகம் பேசுவதில்லை.

உபாகமம் 14 இன்னும் இரண்டைச் சொல்கிறது. விளைச்சலின் தசமபாகத்தைக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோய், அங்கே குடும்பமாகச் சாப்பிட்டு மகிழ வேண்டும். வழி தூரமாக இருந்தால் அதை விற்றுப் பணமாக எடுத்துப்போகலாம். மூன்றாம் வருடத்தில் அதை ஊரிலேயே வைக்க வேண்டும், லேவியரும் பரதேசிகளும் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் வந்து புசித்துத் திருப்தியடைய. வேத அறிஞர்கள் பலர் இவற்றைத் தனித்தனித் தசமபாகங்களாக எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆக, ‘வேதம் பத்து சதவீதம் கேட்கிறது’ என்று ஒரே வரியில் சொல்வது பழைய ஏற்பாட்டுக்கே பொருந்தாது.

“தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்” என்ற மல்கியாவின் வசனத்தையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். பண்டசாலை என்பது ஆலயத்தில் தானியம் சேர்த்துவைத்த அறை. நெகேமியா 13ஐப் படித்தால் நிலைமை கண்முன் தெரியும்: பங்கு வராததால் லேவியரும் பாடகரும் ஆலயப் பணியை விட்டுத் தங்கள் வெளிநிலங்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். வசனத்தின் சூடு அந்தப் பசியிலிருந்து வருகிறது.

அப்படியானால் இன்றைய கிறிஸ்தவருக்குப் பத்தில் ஒன்று கட்டாயமா? சபைகள் இதில் ஒரே கருத்தில் இல்லை. சிலர் அது இன்றும் கட்டளை என்கிறார்கள். சிலர் நல்ல தொடக்கக் கோடு என்கிறார்கள். புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு எழுதப்பட்ட நிருபங்களில் எங்கேயும் இத்தனை சதவீதம் என்ற கட்டளை இல்லை என்பது மட்டும் உறுதி. இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசிய மத்தேயு 23:23இல் அதைத் தள்ளிவிடவில்லை. கீரைச் செடியிலும் சீரகத்திலும் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டவர்களைத்தான் கண்டித்தார்.

ஆரம்பகாலச் சபைகளும் கட்டாயம் இல்லாமல்தான் நடந்தன. சுமார் 155ஆம் ஆண்டில் ரோமில் எழுதிய யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், வசதியும் மனமும் உள்ளவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்டதைக் கொடுத்தார்கள், அது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் கைதிகளுக்கும் போனது என்கிறார். 197ஆம் ஆண்டு வாக்கில் கார்த்தேஜிலிருந்து எழுதிய தெர்த்துல்லியனும், மாதம் ஒருமுறை, விருப்பமும் இயலுமையும் இருந்தால் மட்டும் என்கிறார். தசமபாகம் கொடுக்காவிட்டால் சபையிலிருந்து விலக்கு என்று பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் முடிவெடுத்தது 585இல். பிராங்கிய அரசர் சார்லிமேன் அதை அரசுச் சட்டமாக்கியது 779இல். பிரான்சில் அந்தச் சட்டக் கட்டாயம் 1789இல் ஒழிந்தது. நம் மனதில் வரி என்ற படம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன.

## பவுல் வைத்த அளவுகோல்

சதவீதம் இல்லையென்றால் அளவு என்ன? எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பல சபைகளில் பணம் திரட்டினார். அதைப் பற்றி அவர் எழுதிய 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள்தான், இந்த விஷயத்தில் புதிய ஏற்பாட்டில் இருக்கும் மிக நீளமான விளக்கம். ஒரு மாலையில் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம்.

முதல் அளவு மனது. “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” (9:7). நியமித்தபடியே என்ற சொல்லைக் கவனியுங்கள். பை அருகில் வரும்போது சட்டைப்பையைத் துழாவுவது நியமிப்பது ஆகாது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் தங்கள் வரவுக்குத் தக்கதாக எடுத்துத் தனியே சேர்த்துவைக்க வேண்டும் என்று முந்தைய நிருபத்தில் அதற்கு வழியும் சொல்லியிருந்தார் (1 கொரிந்தியர் 16:2). உற்சாகமும் திட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். பவுல் அப்படி நினைக்கவில்லை.

இரண்டாவது, உள்ளதின்படி. மனவிருப்பம் இருந்தால் ஒருவருக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் (8:12). கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்லும் எந்தப் போதனையும் இந்த ஒரு வசனத்தைத் தாண்டி வர முடியாது.

மூன்றாவது, சமநிலை. மற்றவர்கள் இளைப்பாற நீங்கள் நெருக்கப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்கிறார் பவுல். இப்போது உங்கள் மிகுதி அவர்கள் குறைவை நிரப்பும், பின்னொரு நாள் அவர்கள் மிகுதி உங்கள் குறைவை நிரப்பும். உயரம் வேறுபட்ட இரண்டு தொட்டிகளை அடியில் குழாய் போட்டு இணைத்தால் தண்ணீர் தானாக ஒரே மட்டத்துக்கு வரும், அப்படி.

வரவு கூடும்போது என்ன செய்வது என்பதற்கு ஓர் உதாரணம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்போர்டில் இருந்த ஒருவரைப் பற்றி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவரேதான் என்பது பரவலான கருத்து. அந்த இளைஞருக்கு முதல் வருட வரவு 30 பவுண்டு. 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் வரவு 60, அதே 28இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. முதல் வருடத்தில் அவர் கொடுத்தது பத்தில் ஒன்றுகூட இல்லை. நான்காம் வருடத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். சம்பளம் கூடும்போது செலவும் கூடியே ஆக வேண்டும் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எல்லோராலும் இப்படி முடியாது. குழந்தைகள், கடன், வைத்தியம் என்று செலவு நம்மைக் கேட்காமலே ஏறும் வீடுகள் எத்தனையோ. ஆனால் ‘எனக்கு எவ்வளவு போதும்?’ என்று எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்கலாம்.

இதுவரை பார்த்தது: எல்லாம் தேவனுடையது, நாம் உக்கிராணக்காரர். அளவை மனது தீர்மானிக்கிறது, இருப்பதிலிருந்து கொடுக்கிறோம், குறைவு இருக்கும் பக்கமாக அது ஓட வேண்டும்.

## அந்த இரண்டு காசு

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட சம்பவத்தைக் கேட்காத கிறிஸ்தவர் இல்லை (மாற்கு 12). அந்த இரண்டு காசின் மதிப்பு, ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்கு. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் ஒருவர் பதினொரு நிமிடத்தில் சம்பாதிப்பது. அதுதான் அவளுடைய ஜீவனத்துக்கு இருந்த எல்லாமும். மற்றவர்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவள் இல்லாமையிலிருந்து போட்டாள் என்றார் இயேசு. கொடுத்தது எவ்வளவு என்பதோடு, கொடுத்தபின் கையில் நின்றது எவ்வளவு என்றும் அவர் பார்க்கிறார்.

நாம் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஆனால் இரண்டு வசனங்களுக்கு முன்னால், அதே இடத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார். அதை உடனே தொடர்ந்துதான் ஒரு விதவை தன்னிடம் இருந்த கடைசிக் காசையும் போடுவது வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும் விளக்கவுரையாளர்கள், அவர் அவளுடைய மனதை மெச்சினார், அவளை அந்த நிலையில் வைத்திருந்த அமைப்புக்காகத் துக்கப்பட்டார் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அப்படியானால் இந்தச் சம்பவத்தை ஏழைகளிடம், ‘பார், அவளே கொடுத்தாளே’ என்று காட்டுவது தலைகீழ் வாசிப்பு. அவள் போன்றவர்களுக்குச் சபை என்ன கொடுத்தது என்று கேட்பதுதான் முறை. மூன்றாம் வருடத் தசமபாகம் யாருக்காக இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## திறமை: பெசலெயேலும் தொற்காளும்

சபைப் பேச்சில் திறமைக்குத் தாலந்து என்போம். இயேசு சொன்ன உவமையிலிருந்து வந்த வழக்கு அது (மத்தேயு 25). உண்மையில் தாலந்து என்பது பெருந்தொகைக்கான ஓர் அளவு, ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஒரே தாலந்து வாங்கி மண்ணில் புதைத்தவன் கையில் இருந்தது கிட்டத்தட்ட இருபது வருடச் சம்பாத்தியம். ‘எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தானே’ என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

தாலந்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் வரம். சபையின் நன்மைக்காகப் பரிசுத்த ஆவியானவர் ஒருவருக்குத் தரும் ஆற்றலை வரம் என்கிறோம். பிரசங்கமும் போதிப்பதும் மட்டும்தான் வரம் என்று பலர் எண்ணுகிறார்கள். ரோமர் 12இல் இருக்கும் பட்டியலில் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும்கூட இருக்கின்றன. இன்னொன்றும் பாருங்கள்: தேவ ஆவியால் நிரப்பப்பட்டவர் என்று வேதாகமத்தில் பெயரோடு முதலில் சொல்லப்படுகிறவர் தீர்க்கதரிசியும் இல்லை, ராஜாவும் இல்லை. பெசலெயேல் என்ற கைவினைஞர் (யாத்திராகமம் 31). பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்ய, கல் பதிக்க, மரம் செதுக்க அவருக்கு ஞானம் தரப்பட்டது. கூடவே அகோலியாப் என்ற இன்னொரு கலைஞர். வீடுகளில் பெண்கள் கையால் நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள் என்று 35ஆம் அதிகாரம் தனியாகக் குறித்துவைக்கிறது.

புதிய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி யோப்பா பட்டணத்தின் மேல்வீட்டறை (அப்போஸ்தலர் 9). தொற்காள் என்ற தபீத்தாள் இறந்துபோயிருக்கிறாள். பேதுரு வந்து நிற்கிறார். விதவைகள் எல்லோரும் அழுதுகொண்டே அவரைச் சூழ்ந்து, அவள் தங்களோடு இருந்தபோது தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவளைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் பேச்சு இல்லை, துணி இருந்தது. அவள் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ பெரிய தொகை கொடுத்ததாகவோ அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. தொழில் தெரிந்தவரிடம் ‘சபைக்குத்தானே, சும்மா செய்துகொடு’ என்று உரிமையாகக் கேட்பது கொடுத்தல் ஆகாது, அவரிடமிருந்து எடுத்தல். அவர் மனதில் நியமித்துச் செய்தால்தான் அது காணிக்கை. இல்லையென்றால் கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.

## நேரம்

எல்லோருக்கும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான் என்று அடிக்கடி சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பாதி உண்மைதான். இரவு வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கும், படுத்த படுக்கையான அம்மாவைக் கவனிக்கும் மகளுக்கும், ஓய்வுபெற்ற ஒருவருக்கும் கையில் மிஞ்சும் மணிகள் ஒன்றல்ல. ‘உள்ளதின்படியே’ என்ற வசனம் நேரத்துக்கும் சேர்த்துத்தான். ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்க முடியாத ஒருவர் வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம், தனியாக வாழும் ஒரு முதியவருக்குப் போன் செய்து, “சாப்பிட்டீங்களா பாட்டி?” என்று கேட்டால் அதுவும் ஊழியம்தான்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பல சபைகளில் நான்கைந்து பேரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். ஒருநாள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். காலைமுதல் சாயங்காலம்வரை தனியே உட்கார்ந்து வழக்குகளை விசாரித்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார் (யாத்திராகமம் 18). எருசலேம் சபையில் விதவைகளின் அன்றாடப் பந்தியில் சிலர் விடுபட்டபோது அப்போஸ்தலரும் அதையே செய்தார்கள்: ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையாரிடம் சொல்லி, அவர்களிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள் (அப்போஸ்தலர் 6).

வீட்டைக் கைவிட்டுவிட்டுச் சபைக்குக் கொடுக்கும் நேரத்தையும் பணத்தையும் இயேசு ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்று சொல்லி நழுவியவர்களை மாற்கு 7இல் அவர் விடவில்லை. கொர்பான் என்பது ஒருவர் பெற்றோரைத் தவிக்கவிட்டுவிட்டுப் பக்தியான பெயர் சூட்டிக்கொள்வதற்கான வழி ஆகிவிட்டது. இன்று நம் நாட்காட்டியிலும் அது நடக்கலாம்.

## கணக்கு கேட்பது அவிசுவாசமா?

புதியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது. உக்கிராணக்காரரிடம் உண்மை எதிர்பார்க்கப்படுகிறது என்றால் (1 கொரிந்தியர் 4:2), காணிக்கையை வாங்கிக் கையாளுகிறவரும் உக்கிராணக்காரர்தான். எருசலேமுக்கான பணத்தைப் பவுல் தனியாளாக எடுத்துப்போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரரும் தீத்துவும் உடன் இருந்தார்கள். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குற்றம் சொல்லக் கூடாது, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனிதருக்கு முன்பாகவும் முறையாகச் செய்கிறோம் என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8:20, 21). அப்போஸ்தலனே அப்படிச் செய்தார் என்றால், இன்று யாரும் ‘என்னை நம்பமாட்டீர்களா?’ என்று கோபப்பட இடமில்லை.

ஆசரிப்புக் கூடாரம் கட்டிய கதையில் இது இன்னும் துல்லியமாக இருக்கிறது. ஜனங்கள் மனதாரக் கொண்டுவந்தது தேவைக்கு மேல் போனது. வேலையாட்கள் வந்து சொன்னார்கள். இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் அறிவிக்கச் சொன்னார் (யாத்திராகமம் 36). தேவை தீர்ந்ததும் வாங்குவதை நிறுத்தினார்கள்.

அப்புறம் 38ஆம் அதிகாரத்தில் வரவுசெலவு வருகிறது. காணிக்கையாக வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் (இங்கே இரண்டும் எடை அளவுகள்). வெள்ளி தனிக் கணக்கு. அது மனவிருப்பக் காணிக்கை இல்லை, ஆளுக்கு அரைச் சேக்கல் என்று எண்ணப்பட்ட 6,03,550 பேரிடமும் வாங்கியது. மொத்தம் 100 தாலந்து 1,775 சேக்கல். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று போட்டுப் பாருங்கள், கணக்கு அப்படியே சரியாக வரும். 100 தாலந்தில் கூடாரத்தைத் தாங்கும் 100 பாதங்கள் வார்த்தார்கள். மீதி 1,775 சேக்கல் எங்கே போனது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும்.

உங்கள் சபையிலும் வருடாந்தரக் கணக்கு வாசிக்கப்படும் கூட்டம் இருந்தால் போய் உட்காருங்கள், புரியாததைக் கேளுங்கள். கூட்டல் கழித்தல் நன்றாக வரும் கை உங்களுடையது என்றால், அடுத்த வருடக் கணக்கை எழுத உங்கள் பெயரைக் கொடுக்கலாம்.